தோற்கத் தெரிந்த கட்சிகள்: இளம் ஜனநாயகத்தை வலுப்படுத்த ஓர் அரசியல் கட்சி செய்ய வேண்டியவை – கானாவிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

2024 டிசம்பர் 7, சனிக்கிழமை. கானாவில் அதிபர் தேர்தலும் நாடாளுமன்றத் தேர்தலும் ஒரே நாளில் நடந்தன. மறுநாள் காலையிலேயே ஆளுங்கட்சி வேட்பாளரும் துணை அதிபருமான மஹமுது பாவுமியா, எதிர்க்கட்சி வேட்பாளர் ஜான் மஹாமாவைத் தொலைபேசியில் அழைத்து வாழ்த்தினார். பிறகு செய்தியாளர்களைச் சந்தித்து, தங்கள் கட்சி திரட்டிய கணக்குப்படி மஹாமா தெளிவாக வென்றுவிட்டார் என்று அறிவித்தார். அந்த நேரத்தில் தேர்தல் ஆணையம் முடிவை வெளியிட்டிருக்கவே இல்லை. ஆணையத்தின் அறிவிப்பு அதற்கும் அடுத்த நாள்தான் வந்தது.

ஆட்சியில் இருக்கும் கட்சி, அதிகாரபூர்வ முடிவுக்குக்கூடக் காத்திராமல் தோல்வியை ஒப்புக்கொள்வது பெருந்தன்மை மட்டும் என்றால் இந்தக் கட்டுரைக்கே தேவை இருந்திருக்காது. பெருந்தன்மையைக் கற்றுக்கொடுக்க வழிகாட்டி எழுத முடியாது. ஆனால் பாவுமியாவால் அப்படிச் சொல்ல முடிந்ததற்குப் பின்னால் கட்சிகள் முப்பது ஆண்டுகளாகச் செய்த வேலை இருக்கிறது: சட்டப் போராட்டங்கள், சலிப்பூட்டும் கூட்டங்கள், வாக்குச்சாவடியில் பகல் முழுக்கக் காத்துக்கிடந்த ஆயிரக்கணக்கான முகவர்கள். இவற்றைக் கற்றுக்கொள்ளலாம், திட்டமிடலாம், மற்ற நாடுகளிலும் செய்யலாம்.

இளம் ஜனநாயகம் என்றதும் பலரும் அரசியலமைப்பையும் தேர்தல் ஆணையத்தையும் நீதிமன்றத்தையும் பற்றிப் பேசுகிறார்கள். கட்சிகளைச் சிக்கலின் ஒரு பகுதியாகவே பார்க்கிறார்கள். என் கருத்து வேறு. ஒரு தேர்தலில் தோற்ற கட்சி அடுத்த நான்கு ஆண்டுகளில் என்ன செய்கிறது என்பதில்தான் புதிய ஜனநாயகம் நிலைப்பதும் நிலைக்காமல் போவதும் பெருமளவு அடங்கியிருக்கிறது. கட்சிப் பணியாளர்கள், அரசியல் படிக்கும் மாணவர்கள், தேர்தல் கண்காணிப்பில் ஆர்வம் உள்ளவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

முன்கதை: கட்சிகள் இல்லாமல் போனபோது என்ன நடந்தது?

கானா 1957 மார்ச் 6 அன்று விடுதலை பெற்றது. குவாமே நிக்ரூமாவின் மக்கள் மாநாட்டுக் கட்சி ஆட்சியில் இருந்தது. அடுத்த ஆண்டே தடுப்புக் காவல் சட்டம் வந்தது. விசாரணை இல்லாமல் ஒருவரை ஐந்தாண்டுகள் வரை சிறையில் வைக்கலாம். விடுதலைப் போராட்டத்தில் நிக்ரூமாவுக்கு மூத்தவரான ஜே.பி. டான்குவா 1965-ல் சிறையிலேயே இறந்தார். அதற்கு முந்தைய ஆண்டு, ஒரு பொதுவாக்கெடுப்பின் மூலம் நாடு ஒரே கட்சி ஆட்சியாக மாற்றப்பட்டிருந்தது. 1966 பிப்ரவரி 24 அன்று ராணுவம் நிக்ரூமாவைக் கவிழ்த்தது.

1969-ல் மக்களாட்சி திரும்பியது, 1972-ல் கவிழ்ந்தது. 1979-ல் மீண்டும் வந்தது, 1981 டிசம்பர் 31 அன்று விமானப்படை அதிகாரி ஜெர்ரி ராலிங்ஸ் அதையும் கவிழ்த்தார். அதன்பின் பத்தாண்டுகளுக்கு மேல் கட்சிகளுக்குத் தடை. தோற்ற கட்சிக்கு நாட்டில் இடமே இல்லாதபோது, ஆட்சியை மாற்ற விரும்பியவர்களுக்குப் படைமுகாம் ஒன்றே வழியாக இருந்தது. இந்த அனுபவத்தின் வடுவை 1992 அரசியலமைப்பில் பார்க்கலாம். ஒரே கட்சி ஆட்சியை நிறுவும் சட்டத்தை இயற்ற நாடாளுமன்றத்துக்கே அதிகாரம் இல்லை என்று அதன் மூன்றாம் பிரிவு சொல்கிறது.

படி 1: நாடு முழுவதற்குமான கட்சியாகக் கட்டுங்கள்

கானாவில் அகான், எவே, டகோம்பா, கா எனப் பல இனக்குழுக்கள் இருக்கின்றன. தெற்கில் கிறிஸ்தவர்கள் மிகுதி, வடக்கில் முஸ்லிம்கள் மிகுதி. இப்படிப்பட்ட நாட்டில் கட்சி தொடங்குவதற்கு எளிய வழி, தன் இனத்தையே வாக்கு வங்கியாக்கிக்கொள்வது. அரசியலமைப்பின் 55-ஆம் பிரிவு அந்த வழியை அடைக்கிறது: எந்தக் கட்சியும் தேசியத் தன்மை உடையதாக இருக்க வேண்டும், இனம், மதம், வட்டாரம் என்ற அடிப்படையில் உறுப்பினர் சேர்க்கை கூடாது. அதே பிரிவும் 2000-ஆம் ஆண்டின் அரசியல் கட்சிகள் சட்டமும் ஒரு படி மேலே போய், எல்லா மாகாணங்களிலும் கிளை இருக்க வேண்டும், ஒவ்வொரு மாகாணத்திலும் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு மாவட்டங்களில் அமைப்பு இருக்க வேண்டும் என்று கேட்கின்றன.

சட்டத்தால் எல்லாம் மாறிவிடவில்லை. புதிய தேசபக்திக் கட்சிக்கு, அதாவது என்.பி.பி.க்கு, அஷாந்தி பகுதியே இன்றும் கோட்டை. தேசிய ஜனநாயக காங்கிரஸ் எனும் என்.டி.சி.க்கு வோல்டா பகுதி அப்படி. ஆனால் கோட்டையை மட்டும் வைத்துக்கொண்டு இருவராலும் வெல்ல முடியாது. அதிபராக வேண்டுமானால் நாடு முழுவதும் பதிவான வாக்குகளில் பாதிக்கு மேல் பெற வேண்டும். அகான் பகுதிகளில் வலுவுள்ள என்.பி.பி. 2000-லிருந்து துணை அதிபர் வேட்பாளரை வடக்கிலிருந்து தேர்ந்தெடுத்து வந்ததற்கு இந்தக் கணக்கே காரணம். அப்படி வந்தவர்களில் ஒருவரான பாவுமியாவையே 2023-ல் அதிபர் வேட்பாளராகவும் கட்சி தேர்ந்தெடுத்தது.

உங்கள் கட்சிக்கு இதில் பாடம்: முதல் நாளிலேயே எந்த மாவட்டத்தில் நமக்கு யாருமே இல்லை என்ற பட்டியலைப் போடுங்கள். வலுவான இடத்தில் இன்னொரு அலுவலகம் திறப்பதைவிட, பலவீனமான இடத்தில் ஐந்து பேரைச் சேர்ப்பது கட்சிக்கும் நல்லது, நாட்டுக்கும் நல்லது. என்.பி.பி. தன் அமைப்பை வாக்குச்சாவடி வரைக்கும் இறக்கியது. தலைவர், செயலாளர், அமைப்பாளர், மகளிர் அமைப்பாளர், இளைஞர் அமைப்பாளர் என ஒவ்வொரு வாக்குச்சாவடிக்கும் நிர்வாகிகள் உண்டு.

படி 2: புறக்கணிப்பைக் கைவிட்டு நீதிமன்றத்துக்குப் போங்கள்

1992 நவம்பர் 3 அதிபர் தேர்தலில் ராலிங்ஸ் 58 விழுக்காடு வாக்குகளுடன் வென்றதாக அறிவிக்கப்பட்டது. என்.பி.பி. வேட்பாளர் அடு போவாஹென், வரலாற்றுப் பேராசிரியர், 30 விழுக்காடு பெற்றார். முறைகேடு நடந்தது என்று எதிர்க்கட்சிகள் கொதித்தன. டிசம்பர் இறுதியில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலைப் புறக்கணித்தன. விளைவு, 200 இடங்களில் 189 ராலிங்ஸின் என்.டி.சி.க்கு. நாட்டின் மிகப் பெரிய எதிர்க்கட்சிக்கு நான்காண்டுகள் நாடாளுமன்றத்தில் ஒரு குரல்கூட இல்லை.

கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனாலும் புறக்கணிப்பு தவறான கருவி என்றே நான் நினைக்கிறேன். வெளியே நிற்பவருக்கு விதியை மாற்றும் வாய்ப்பு இல்லை. என்.பி.பி. இதை விரைவிலேயே உணர்ந்தது என்பதுதான் கானாவின் நற்பேறு. 1993-ல் அந்தக் கட்சி உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது. அந்த ஒரே ஆண்டில் வந்த மூன்று தீர்ப்புகளைத் தெரிந்துகொள்வது அவசியம்.

ஒன்று, ஊர்வலம் நடத்தக் காவல்துறையின் அனுமதி தேவை என்ற ராணுவ ஆட்சிக்கால விதி. அது அரசியலமைப்புக்கு முரணானது என்று நீதிமன்றம் தூக்கி எறிந்தது. பிறகு வந்த 1994 சட்டத்தின்படி முன்கூட்டித் தகவல் கொடுத்தால் போதும். இரண்டு, அரசு ஒலிபரப்பு நிறுவனம். பட்ஜெட்டைப் பற்றி அரசு தரப்புக்கு நேரம் கொடுத்த நிறுவனம், மாற்றுக்கருத்துச் சொல்ல எதிர்க்கட்சிக்கும் சமமான நேரம் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பானது. மூன்றாவது வழக்குதான் நெருப்பு. ராலிங்ஸ் ஆட்சியைப் பிடித்த டிசம்பர் 31-ஐ அரசுப் பணத்தில் விழாவாகக் கொண்டாடுவது செல்லாது என்று என்.பி.பி. வாதிட்டது. ராலிங்ஸ் அப்போதும் அதிபர். ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நீதிபதிகள் கட்சியின் பக்கம் தீர்ப்பளித்தார்கள்.

ஒரு வாக்கு வித்தியாசம். ஆட்சிக் கவிழ்ப்பைக் கொண்டாட அரசுக்கு உரிமை இல்லை என்பதை, அதே கவிழ்ப்பை நடத்தியவர் அதிபர் மாளிகையில் இருக்கும்போதே ஓர் எதிர்க்கட்சி சட்டமாக்கியது. இந்த மூன்று தீர்ப்புகளின் பயனையும் பிற்காலத்தில் அதிகம் அனுபவித்தவர்களில் என்.டி.சி.யும் உண்டு, அவர்களும் எதிர்க்கட்சியானபோது ஊர்வலம் போனார்கள், ஒலிபரப்பில் நேரம் கேட்டார்கள். தோற்ற கட்சி தனக்காக வாங்கும் உரிமை, அடுத்துத் தோற்பவருக்கும் சொந்தமாகிவிடுகிறது.

செய்ய வேண்டியது: கட்சியில் நிரந்தரமான சட்டப் பிரிவை ஏற்படுத்துங்கள். தேர்தல் முடிந்த வாரத்தில் வழக்கறிஞரைத் தேடினால் காலம் கடந்துவிடும். வெல்லக்கூடிய, எல்லாக் கட்சிகளுக்கும் பொருந்தக்கூடிய உரிமை வழக்குகளை முதலில் எடுங்கள்.

படி 3: எதிரியோடு ஒரே மேசையில் உட்காருங்கள்

1994 மார்ச்சில் தேர்தல் ஆணையம் ஒரு புதிய அமைப்பை உருவாக்கியது: கட்சிகளுக்கிடையிலான ஆலோசனைக் குழு. அதை ஐபாக் என்று சுருக்கமாக அழைக்கிறார்கள். ஆணையத்தின் தலைவராக இருந்தவர் குவாட்வோ அஃபாரி-ஜியான் என்ற அரசியல் அறிவியல் பேராசிரியர். எல்லாக் கட்சிகளின் பிரதிநிதிகளும் ஆணையத்தோடு கூடி அமர்ந்து தேர்தல் ஏற்பாடுகளைப் பற்றிப் பேசுவார்கள். குழுவின் முடிவு ஆணையத்தைக் கட்டுப்படுத்தாது, வெறும் ஆலோசனைதான். ஆனாலும் அங்கே பேசி ஒத்துக்கொண்டதை மீறுவது இரு தரப்புக்கும் கடினமாகிப்போனது.

அங்கே பேசியவை மிகச் சிறிய விஷயங்கள். வாக்குப்பெட்டி என்ன பொருளால் செய்யப்பட வேண்டும்? 1992-ல் பெட்டிக்குள் முன்பே சீட்டுகள் இருந்தன என்ற சந்தேகம் எழுந்ததல்லவா, 1996-ல் உள்ளே இருப்பது வெளியே தெரியும் பெட்டிகள் வந்தன. வாக்காளர் தனி அறைக்குள் போனால் என்ன செய்கிறார் என்று தெரியவில்லை என்ற புகாருக்குத் தீர்வாக, எல்லோர் கண்முன்னே திறந்தவெளியில் அட்டைத் திரைகளை வைத்தார்கள். வாக்கு ரகசியமாகவே இருக்கும், வாக்களிப்பவர் மட்டும் கண்ணில் படுவார். அதிபர் தேர்தலையும் நாடாளுமன்றத் தேர்தலையும் ஒரே நாளில் நடத்தினார்கள். இதனால் ஒன்றின் முடிவைப் பார்த்துவிட்டு மற்றொன்றைப் புறக்கணிக்கும் நிலையே இல்லாமல் போனது. 1995 அக்டோபரில் புதிய வாக்காளர் பட்டியல் தயாரானபோது கட்சி முகவர்கள் பதிவு மையங்களில் அமர்ந்து பார்த்தார்கள்.

இந்த மேசை எப்போதும் நிறைந்திருந்தது என்று சொல்ல முடியாது. 2020 தேர்தலுக்குப் பிறகு, ஆணையத்தின் மீது நம்பிக்கையிழந்த என்.டி.சி. சில காலம் ஐபாக் கூட்டங்களுக்கு வராமல் ஒதுங்கி நின்றது. அந்தக் காலத்தில் ஆணையத்தின் ஒவ்வொரு முடிவும் சந்தேகத்துக்கு உள்ளானது. மேசை காலியாக இருப்பதன் விலையை அப்போது எல்லோரும் பார்த்தார்கள்.

இங்கே ஒரு நடைமுறைக் குறிப்பு. இத்தகைய குழுவுக்குக் கட்சியின் நட்சத்திரப் பேச்சாளரை அனுப்பாதீர்கள். வாக்காளர் பட்டியல், அச்சு, போக்குவரத்து போன்ற உள்விவரங்கள் தெரிந்த, பொறுமையான ஒருவரை அனுப்புங்கள். அவரையே பல ஆண்டுகள் தொடர்ந்து அனுப்புங்கள்.

படி 4: வாக்குச்சாவடியைக் கட்சியின் முதல் அலுவலகமாக நினையுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் நான் இதையே வைத்துக்கொள்வேன்.

கானாவில் வாக்குப்பதிவு காலை 7 மணிக்குத் தொடங்குகிறது. வாக்குச்சாவடி என்பது பெரும்பாலும் ஒரு பள்ளித் தாழ்வாரம், தேவாலய முற்றம் அல்லது ஒரு மரத்தடி. முதலில் தலைமை வாக்குச்சாவடி அதிகாரி காலிப் பெட்டியைத் தூக்கி முகவர்களுக்கும் கூடியிருப்பவர்களுக்கும் காட்டிவிட்டு, பூட்டி முத்திரையிடுகிறார். 2012 முதல் வாக்காளரின் கைரேகையைக் கருவியில் சரிபார்க்கிறார்கள். நம் ஊரில் பூத் ஏஜென்ட் என்று சொல்கிறோமே, அதே வேலையைச் செய்யும் முகவர்கள் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயரையும் கவனிக்கிறார்கள்.

மாலை 5 மணிக்கு மேல்தான் முக்கியமான வேலை. தமிழ்நாட்டிலும் இந்தியாவின் மற்ற மாநிலங்களிலும் பெட்டிகள் வேறோர் இடத்துக்குப் போய் வேறொரு நாளில் எண்ணப்படுகின்றன. கானாவில் அப்படியில்லை. அரசியலமைப்பின் 49-ஆம் பிரிவின்படி அதே இடத்தில் அப்போதே எண்ண வேண்டும். அதிகாரி ஒவ்வொரு சீட்டாக எடுத்து, எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்து, யாருக்கு விழுந்தது என்று உரக்கச் சொல்கிறார். இருட்டிவிட்டால் விளக்கு வெளிச்சத்தில் எண்ணிக்கை தொடர்கிறது. கூட்டம் சேர்ந்து எண்ணுகிறது. முடிந்ததும் முடிவுகளை ஒரு படிவத்தில் நிரப்பி அதிகாரியும் முகவர்களும் கையெழுத்திடுகிறார்கள். நகல் ஒவ்வொரு முகவருக்கும் கிடைக்கிறது. இந்தப் படிவத்தைக் கானா மக்கள் பிங்க் ஷீட் என்கிறார்கள்; முகவருக்குக் கிடைக்கும் நகலின் நிறத்தால் வந்த பெயர். இதை இனி பிங்க் தாள் என்றே குறிப்பிடுகிறேன்.

2012-ல் நாடு முழுவதும் 26,002 வாக்குச்சாவடிகள் இருந்தன. 2024-ல் 40,000-க்கும் மேல். அதிபர் வேட்பாளருக்கு ஒருவர், நாடாளுமன்ற வேட்பாளருக்கு ஒருவர் என்று வைத்தால், ஒரு கட்சிக்கு 80,000-க்கும் மேற்பட்ட முகவர்கள் தேவை. அவர்களுக்குப் பயிற்சி, சாப்பாடு, போக்குவரத்து, தொலைபேசி எல்லாம் வேண்டும். எல்லாத் தாள்களும் தலைமையகத்துக்கு வந்து சேர்ந்தால், ஆணையத்தின் அறிவிப்புக்கு முன்பே கட்சிக்குத் தன் முடிவு தெரிந்துவிடுகிறது. 2024-ல் பாவுமியா மறுநாள் காலையிலேயே தோல்வியை ஏற்க முடிந்தது இதனால்தான். தன் கணக்கு தன் கையில் இருக்கும் கட்சிக்கு வதந்தி தேவையில்லை.

பிங்க் தாளின் பலமும் பலவீனமும் 2013-ல் நாடு முழுவதற்கும் தெரிந்தது. 2012 தேர்தலில் என்.டி.சி.யின் மஹாமா 50.70 விழுக்காடு, என்.பி.பி.யின் நானா அகுஃபோ-அட்டோ 47.74 விழுக்காடு. என்.பி.பி. உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. பதிவான வாக்காளர்களைவிட வாக்குகள் அதிகம், கைரேகை சரிபார்க்காமல் வாக்களித்தது, தாள்களில் தலைமை அதிகாரியின் கையெழுத்து இல்லாதது எனப் பல குற்றச்சாட்டுகள். விசாரணை முழுவதும் தொலைக்காட்சியில் நேரலையாக ஒளிபரப்பானது. கடைகளிலும் அலுவலகங்களிலும் மக்கள் கூடி நின்று பார்த்தார்கள். கட்சியின் முதன்மைச் சாட்சியாகக் கூண்டில் ஏறி நாள்கணக்கில் குறுக்கு விசாரணையைச் சந்தித்தவர் வேறு யாருமல்ல, அதே பாவுமியாதான். வாக்குச்சாவடியில் நடந்ததைப் பற்றிக் கேட்டபோதெல்லாம், நீங்களும் நானும் அங்கே இல்லை, தாளில் இருப்பதைத்தான் பார்க்க முடியும் என்று அவர் சொன்ன பதில் நாட்டின் பேச்சுவழக்கிலேயே சேர்ந்துவிட்டது.

2013 ஆகஸ்ட் 29 அன்று நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. அந்த வழக்கில் கட்சிகளுக்கான பாடம் மிகத் தெளிவானது: கட்சியின் முகவர்கள் அங்கே இருந்தார்கள், பல இடங்களில் எதிர்ப்பு எதுவும் எழுதாமல் கையெழுத்திட்டிருந்தார்கள். தாளில் தவறு இருந்தால் அதை அந்த இரவே, அந்த இடத்திலேயே எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். பயிற்சியில் முகவர்களுக்குச் சொல்ல வேண்டியவை இவை:

பெட்டி காலியாக இருப்பதைப் பார்க்கும்வரை வரிசையைத் தொடங்க விடாதீர்கள். கைரேகையால் சரிபார்க்கப்பட்டவர்களின் எண்ணிக்கையை நீங்களே தனியாகக் குறித்துவாருங்கள். படிவத்தில் எண்ணும் எழுத்தும் பொருந்துகிறதா என்று பாருங்கள். ஏற்கவில்லை என்றால் கையெழுத்திட மறுத்து, காரணத்தை எழுதிக்கொடுங்கள். நகலைப் படமெடுத்து அனுப்பிவிட்டு, அசல் நகலை உங்கள் மேலாளரிடம் ஒப்படையுங்கள். இதில் ஒன்று விட்டுப்போனாலும் பிறகு எந்த வழக்கறிஞராலும் அதை ஈடுசெய்ய முடியாது.

படி 5: முடிவை ஏற்பதற்கு முன்கூட்டியே தயாராகுங்கள்

தீர்ப்பு வந்த அன்றே அகுஃபோ-அட்டோ அதிபரை அழைத்து வாழ்த்தினார். தீர்ப்போடு உடன்படவில்லை, ஆனாலும் ஏற்கிறேன் என்றார். மறுசீராய்வு கேட்கவும் இல்லை. இதை அவர் திடீரென்று செய்துவிடவில்லை. தேர்தலுக்குச் சில நாட்கள் முன்பு, 2012 நவம்பர் 27 அன்று, குமாசியில் அஷாந்தி மன்னரின் முன்னிலையில் அதிபர் வேட்பாளர்கள் அமைதி உறுதிமொழியில் கையெழுத்திட்டிருந்தார்கள். மரபுத் தலைவர்களுக்கு மக்களிடம் இருக்கும் மதிப்பைக் கட்சிகள் நல்ல நோக்கத்துக்குப் பயன்படுத்திய தருணம் அது.

அதைவிடக் கடினமான சோதனை 2008-ல் நடந்தது. முதல் சுற்றில் அகுஃபோ-அட்டோ 49.13 விழுக்காடு; பாதியைத் தாண்ட ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகவே தேவைப்பட்டது. இரண்டாம் சுற்றில் என்.டி.சி.யின் ஜான் அட்டா மில்ஸ் முந்தினார். டெய்ன் என்ற ஒரு தொகுதியில் மட்டும் வாக்குப்பதிவு நடக்காததால் முடிவு நின்றது. 2009 ஜனவரி 2 அன்று அந்த ஒரு தொகுதி வாக்களித்தது. கடைசியில் வித்தியாசம் வெறும் 40,586 வாக்குகள். ஆட்சியில் இருந்தது அகுஃபோ-அட்டோவின் கட்சி. ராணுவமும் காவல்துறையும் அவர்கள் கையில். ஆனாலும் முடிவை ஏற்று, ஜனவரி 7 அன்று பதவியைக் கைமாற்றினார்கள். ஆப்பிரிக்காவில் அதுவரை நடந்த அதிபர் தேர்தல்களை எண்ணிப் பார்த்தால், இவ்வளவு மெல்லிய வித்தியாசத்தில் ஆளுங்கட்சி இறங்கிப்போவது எவ்வளவு அரிது என்பது புரியும்.

உங்கள் கட்சியில் தேர்தலுக்கு முன்பே இரண்டு உரைகளை எழுதி வையுங்கள், வெற்றிக்கு ஒன்று, தோல்விக்கு ஒன்று. தோல்வி உரையை யார் வாசிப்பது, எந்தக் கணக்கு கைக்கு வந்த பிறகு வாசிப்பது என்பதையும் முடிவு செய்துவிடுங்கள்.

படி 6: வென்றபின் அரசைக் கட்சியின் சொத்தாக்காதீர்கள்

இதில் கானாவின் கட்சிகளை நான் புகழ முடியாது. ஆட்சி மாறிய போதெல்லாம், 2009-லும் 2017-லும், வென்ற கட்சியின் இளைஞர்கள் சுங்கச் சாவடிகளையும் பொதுக் கழிப்பறைகளையும் கைப்பற்றி வசூலைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்ட செய்திகள் வந்தன. கழிப்பறையைக் கைப்பற்றுவதா என்று சிரிக்கத் தோன்றலாம். நகரங்களின் நெருக்கமான பகுதிகளில் பல வீடுகளில் கழிப்பறை இல்லை. கட்டணக் கழிப்பறை தினசரி வருமானம் தரும் தொழில். நான்காண்டுகள் கொடி கட்டி உழைத்த இளைஞனுக்குக் கட்சி கொடுத்த கூலி அதுதான். அவனைக் குறை சொல்வதற்கு முன் கட்சித் தலைமையைக் கேட்க வேண்டும்.

இதன் கொடிய வடிவம் கட்சி அடியாள் படைகள். 2017 ஏப்ரலில் என்.பி.பி.யோடு தொடர்புடைய ஒரு கும்பல் குமாசியில் நீதிமன்றத்துக்குள்ளேயே புகுந்து தன் ஆட்களை விடுவித்துக்கொண்டு போனது. 2019 ஜனவரி 31 அன்று அக்ராவில் அயவாசோ மேற்கு வுவோகன் தொகுதி இடைத்தேர்தலில் வன்முறை வெடித்தது. விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அதே ஆண்டு அடியாள் படைகளைக் குற்றமாக்கும் சட்டமும் வந்தது. தேசிய அமைதிக் குழுவின் முயற்சியில் இரு பெரிய கட்சிகளும் இப்படைகளைக் கலைப்பதற்கான நடத்தை விதிகளில் 2020-ல் கையெழுத்திட்டன. அந்த ஆண்டுத் தேர்தலிலும் உயிர்கள் போயின. கையெழுத்து மட்டும் போதாது. தன் ஆளைத் தானே காவல்துறையிடம் ஒப்படைக்கும் கட்சிதான் இந்தப் படியை முடித்ததாகச் சொல்லிக்கொள்ளலாம்.

ஆட்சிக் கைமாற்றத்துக்கும் தனிச் சட்டம் தேவை என்பதைக் கட்சிகள் அனுபவத்தில் கற்றன. அரசு கார்கள் யாரிடம், எந்த வீட்டை யார் காலி செய்வது என்ற சண்டைகளுக்குப் பிறகு 2012-ல் அதிபர் பதவிக் கைமாற்றச் சட்டம் இயற்றப்பட்டது. இரு தரப்பிலிருந்தும் சமமாக ஆட்களைக் கொண்ட குழு, அரசுச் சொத்துகளின் பட்டியல், முன்கூட்டியே தயாராகும் ஒப்படைப்புக் குறிப்புகள் ஆகியவை அதில் உண்டு.

படி 7: நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சியாக உழையுங்கள்

2020 தேர்தல் முடிவு: 275 இடங்களில் இரு கட்சிகளுக்கும் தலா 137, ஒருவர் சுயேச்சை. அதிபர் என்.பி.பி.; ஆனால் சபாநாயகராக என்.டி.சி.யின் ஆல்பன் பாக்பின் தேர்வானார். அந்த வாக்கெடுப்பின் இரவில் அவைக்குள் தள்ளுமுள்ளு, ராணுவத்தினர் உள்ளே வரும் அளவுக்கு. 2021 டிசம்பரில் மின்னணுப் பணப்பரிமாற்ற வரி பற்றிய விவாதத்தில் உறுப்பினர்கள் கைகலப்பில் இறங்கினார்கள்.

இவையெல்லாம் அசிங்கமான காட்சிகள்தான். ஆனால் அதே நாடாளுமன்றத்தில், அமைச்சராக நியமிக்கப்பட்டவர் ஒவ்வொருவரும் நியமனக் குழுவின் முன் நேரலையில் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். பொதுக் கணக்குக் குழுவுக்கு எதிர்க்கட்சி உறுப்பினரே தலைவர். அதன் விசாரணையையும் மக்கள் தொலைக்காட்சியில் பார்க்கலாம். அந்த வரியை எதிர்க்கட்சியாக எதிர்த்த என்.டி.சி., 2025-ல் ஆட்சிக்கு வந்ததும் அதை நீக்கியது. எதிர்ப்பில் சொன்னதை ஆட்சியில் செய்தால்தான் வாக்காளர் அடுத்த முறை கட்சியின் பேச்சை நம்புவார்.

படி 8: கட்சிக்குள்ளும் வாக்கு எண்ணுங்கள், பணத்தையும் எண்ணிக் காட்டுங்கள்

உட்கட்சி அமைப்பு ஜனநாயக நெறிகளுக்கு ஏற்ப இருக்க வேண்டும் என்று 55-ஆம் பிரிவே சொல்கிறது. 2007-ல் என்.பி.பி.யின் அதிபர் வேட்பாளருக்கு 17 பேர் போட்டியிட்டார்கள். வாக்களித்தவர்கள் சுமார் 2,300 பிரதிநிதிகள். இவ்வளவு சிறிய கூட்டத்தை விலைக்கு வாங்குவது எளிது என்ற குற்றச்சாட்டு எழுந்ததால், 2010 உட்கட்சித் தேர்தலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாக்களிக்கும்படி கட்சி 2009-ல் விதியை மாற்றியது. 2015-ல் என்.டி.சி. எல்லா உறுப்பினர்களுக்கும் வாக்குரிமை கொடுத்தது.

பணம் இதனால் ஒழிந்ததா? ஒழியவில்லை, செலவு பரவலானது. உட்கட்சித் தேர்தல்களில் தொலைக்காட்சிப் பெட்டியும் மோட்டார் சைக்கிளும் பரிசாகக் கைமாறுவது இன்றும் தொடர்கிறது. பெண் வேட்பாளர்களுக்கு இதுவே பெரிய தடை. 2020-ல் தேர்வான 275 பேரில் 40 பேர்தான் பெண்கள். நாட்டின் முதல் பெண் துணை அதிபராக ஜேன் நானா ஒபோகு-அகியெமாங் 2025 ஜனவரியில் பதவியேற்றது நல்ல மாற்றம், ஆனால் அவர் தொகுதி உட்கட்சித் தேர்தல் வழியாக மேலே வந்தவர் இல்லை. அதிபர் வேட்பாளரின் தெரிவு.

பணத்தைப் பற்றிச் சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. கட்சிகள் தங்கள் வருவாயையும் சொத்தையும் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். குடிமக்கள் மட்டுமே நன்கொடை கொடுக்கலாம். ஒவ்வோர் ஆண்டும் கணக்கைத் தேர்தல் ஆணையத்திடம் தாக்கல் செய்ய வேண்டும். நடைமுறையில் பல கட்சிகள் தாக்கல் செய்வதில்லை, ஆணையமும் கடுமை காட்டுவதில்லை. 40,000 வாக்குச்சாவடிகளிலிருந்து ஓர் இரவில் கணக்கைத் திரட்டத் தெரிந்த கட்சிகளுக்குத் தங்கள் வங்கிக் கணக்கைத் திரட்ட நேரமில்லை என்பதை ஏற்க முடியாது.

ஆகவே, உங்கள் கட்சி புதியதாகவோ சிறியதாகவோ இருந்தால் இதிலிருந்தே தொடங்குங்கள். ஒன்றியக் கிளை அளவில் மாதாந்தர வரவு செலவை ஒரு தாளில் எழுதி, பொருளாளரும் செயலாளரும் கையெழுத்திட்டு, கிளை அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். உறுப்பினர் சந்தா எவ்வளவு சிறியதாக இருந்தாலும் ரசீது கொடுங்கள். உட்கட்சித் தேர்தலுக்குச் செலவு வரம்பு வைத்து, மீறியவரின் வேட்புமனுவை அவர் எவ்வளவு செல்வாக்குள்ளவராக இருந்தாலும் தள்ளுபடி செய்யுங்கள். ஆணையம் கேட்கும்வரை காத்திராமல் ஆண்டுக் கணக்கை ஜூன் மாதத்துக்குள் தாக்கல் செய்து, அதன் நகலைப் பத்திரிகைகளுக்கும் எதிர்க்கட்சிக்கும் அனுப்பி வையுங்கள்.